குலுங்குத கல்லும் கூறுகெட்ட செலவும்

ஏலே பேராண்டி, கடைசல் பிடிக்கப் போறேன்னு கெளம்பியிருக்கியாமே? நல்லது. பெங்களூர்ல கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி வெரலு மரத்துப் போச்சு, இனி மரத்தைத் தொடணும்னு ஆசை வந்திருக்கு. ஆசைப்படுததுல தப்பு ஒண்ணுமில்ல. ஆனா நீ இன்னும் மரத்தைத் தொட்டதாத் தெரியலையே? லேத்து வாங்கி பால்கனி மூலையில துணி போத்தி வச்சிருக்க. உளி ஒரு செட்டு வாங்கி வெல்வெட்டுப் பெட்டிக்குள்ள தூங்கப் போட்டிருக்க. அந்த உளியைத் தீட்டணும்னு ஒரு பெஞ்ச் கிரைண்டர் வாங்குன. அது குலுங்குதுன்னு அதுக்கு வைத்தியம் பாத்தே பொழுதைக் கழிக்க.

என்னெல்லாம் வைத்தியம்! அடியில ரப்பர் காலை மாத்துன. அடங்கல. கல்லு சரியில்லன்னு வேற கல்லு வாங்குன. அதுவும் குலுங்குச்சு. மோட்டாரு வேகம் சாஸ்தின்னு மெதுவா ஓடுத மெஷினுக்கு வெல கேட்ட. இப்பம் என்னமோ சி.பி.என். சக்கரமாம், மெஷினு வெலையைத் தாண்டி நிக்கி, அதுக்குத் தவணை போடலாமான்னு கணக்குப் பாக்க. சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்கா பணம்னு சொன்னவன் உன்னைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பானோ?

இத்தனை செலவழிச்சியே, குலுக்கம் எங்கேருந்து வருதுன்னு ஒருக்கா பாத்தியா? மோட்டார்லேருந்தா, கல்லுலேருந்தா, கல்லைப் பிடிக்குத தட்டுலேருந்தா? கேட்டா தலையைச் சொறியுத. நோவு எங்கன்னு தெரியாமலே மருந்துக் கடையைக் காலி பண்ணுதது இந்தக் காலத்துப் படிப்புல ஒரு பாடமா இருக்கும்போல.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். சொப்பும் பம்பரமும் தொட்டில் கட்டையும் கடைஞ்சே வயசானவன். எங்க அப்பம் காலத்துல ஒருத்தன் கயித்தை இழுப்பான், ஒருத்தன் உளி பிடிப்பான், அதுதான் லேத்து. சாணைக்கல்லு என்ன தெரியுமா? அரக்கை உருக்கி அதுல குருந்தக்கல்லுத் தூளைக் கொழைச்சு வட்டமா வாத்தது. சொப்புக்குப் பூசுத அதே அரக்குதான். அதையும் ஒருத்தன் வாரைப் போட்டு இழுத்தாத்தான் சுத்தும். நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எவனும் கேட்டதில்ல. ஆனா கல்லு ஒரு பக்கமாத் தேஞ்சா அன்னைக்கே தெரிஞ்சிரும். இழுக்குதவன் ஏசுவான்லா!

உன் மெஷினுக்கு ஏசத் தெரியாது. குலுங்கத்தான் தெரியும்.

சரி, உன் பாஷையிலேயே கணக்குச் சொல்லுதேன், கேளு. நம்ம ஊரு கரண்டுக்கு 50 சைக்கிளு. சாதாரண கிரைண்டர் நிமிஷத்துக்கு 2,850 வாக்கில சுத்தும். மெதுவா ஓடுதது 1,440 வாக்கில. எட்டு இஞ்சுக் கல்லு 2,850ல சுத்துனா அதோட விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போவுது. திருநெல்வேலி ரோட்டுல பஸ்ஸுகூட அந்த வேகத்துல போவாது. அந்த வேகத்துல ஒரு பக்கம் ஒரு பொட்டு கனம் கூடுனா என்ன ஆவும்? மெஷினு கோயில் கொடையில அருள் வந்தவன் மாதிரி ஆடும். மேசை சேந்து ஆடும். கீழ் வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான்.

மெதுவா ஓடுத மெஷின் வாங்குனா சரியாப் போவுமான்னு கேக்க. வேகம் பாதியாக் கொறைஞ்சா உலுக்கு நாலுல ஒண்ணாக் கொறையும். அது நெசம். ஆனா கோளாறு போயிருச்சா? அங்கனயேதான் உக்காந்திருக்கு. சத்தம் கொறைஞ்சதும் நீ சொகமாயிட்டுன்னு நெனைச்சுக்கிடுவ, அவ்வளவுதான்.

இப்பம் காசில்லாத வைத்தியம். ரெண்டு கல்லையும் கழத்து. தட்டு, நட்டு எல்லாத்தையும் எடுத்து வையி. இடப்பக்கத்து நட்டுக்கு மறை திருப்பி வெட்டியிருக்கும். கடிகாரம் சுத்துத பக்கமாத் திருப்புனாத்தான் கழலும். இது தெரியாம தொங்கித் தொங்கி நட்டை மழுக்கி வச்ச என்ஜினியருங்க உண்டு, பேரு சொல்ல மாட்டேன். கழத்திட்டு வெறும் மோட்டாரை ஓட விடு. மேல ஒரு தம்ளர் தண்ணி வையி. தண்ணி அலுங்காம நின்னா மோட்டாரு மேல குத்தமில்ல. தண்ணி நடுங்குச்சுன்னா பேரிங் போயிருக்கும், இல்ல தண்டு கோணியிருக்கும். புது மெஷினுன்னா வாங்குன கடையிலேயே திருப்பிக் குடு. கோணுன தண்டை நிமித்துதேன்னு சுத்தியலை எடுத்துராத.

பத்துக்கு ஒம்பது மெஷினு வெறுமனே ஓடும்போது பூனைக்குட்டியாத்தான் இருக்கும். அப்பம் குத்தம் யாரு மேல? கல்லு மேலயும், அதைப் பிடிக்குத தட்டு மேலயும்.

முதல்ல கல்லை விசாரி. நடு ஓட்டையில வெரலை விட்டுத் தூக்கிப் பிடி. ஸ்க்ரூ டிரைவரோட மரப்பிடியால விளிம்புக்கு ரெண்டு இஞ்சு உள்ள தள்ளிச் சரிவா ஒரு தட்டு, திருப்பிப் பிடிச்சு இன்னொரு தட்டு. கணீர்னு கேட்டா நல்ல கல்லு. 'தொப்'புன்னு கேட்டா உள்ள கீறல் இருக்கு. அதைக் காசு குடுத்து வாங்குனதாச்சேன்னு பாக்காத. யாரும் எடுத்து மாட்டாதபடிக்கு ஒடைச்சுக் குப்பையில போடு. மணிக்கு நூறு கிலோமீட்டர்ல தெறிக்குத துண்டு உன் மூஞ்சியைத்தான் தேடி வரும். கல்லு மேல போட்டிருக்குத வேகம் உன் மெஷினு வேகத்துக்குக் கொறையக் கூடாதுங்கதையும் அப்பமே பாத்துக்கோ.

அடுத்தது தட்டு. கல்லுக்கு ரெண்டு பக்கமும் பிடிக்குத பிளேஞ்சு. இதைத்தான் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். முழுக் குலுக்கமும் பாதி நேரம் இங்கனதான் கெடக்கு. மலிவு மெஷினுக்கு அதைத் தகரத்துல தட்டி அனுப்பிருதான். வட்டமாத்தான் இருக்கும், ஆனா தட்டையா இருக்காது. நல்ல தட்டுன்னா நடுவுல குழிஞ்சு, வெளி ஓரம் மட்டும் கல்லுல பதியும். விட்டம் கல்லோட விட்டத்துல மூணுல ஒரு பங்காவது இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். நம்மாளு என்ன செய்வான்? குழிஞ்ச பக்கத்தை வெளிய பாத்து மாட்டிட்டு, 'என்ன கல்லு செய்யுதான்'னு கல்லுக்காரனை ஏசுவான்.

கல்லுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கடுதாசி ஒட்டி வரும்லா? அதை எதுக்குடா கிழிச்ச? பாக்க அசிங்கமா இருக்குன்னா? அது விளம்பரம் இல்லலே. இரும்புத் தட்டும் கல்லும் நேரா மோதாம, அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் பரவணும்னு வச்சது. கடுதாசி இல்லாம நட்டை முறுக்குனா மேடான ஒரு புள்ளியிலதான் முழு பாரமும் எறங்கும். கல்லு சாயும், கீறலும் விழும். கிழிச்சுட்டியா? தடிச்ச மையொத்துத் தாள்ல ஒண்ணு வட்டமா வெட்டிப் போடு. நட்டையும் பயில்வான் கணக்கா முறுக்காத. கல்லு வழுக்காம நின்னாப் போதும். முறுக்க முறுக்கத் தகரத் தட்டு வளையும், வளைய வளையக் கல்லு ஆடும், ஆட ஆட நீ இன்னும் முறுக்குவ.

தட்டு கோணலான்னு எப்படிக் கண்டுபிடிக்க? டயல் கேஜ் வாங்கணுமான்னு கேக்காத, உன் கை பர்ஸுக்குப் போவுததைப் பாத்துட்டேன். ஒரு பென்சில் போதும். உளி வைக்குத தாங்கு மேல பென்சிலை அழுத்தி, மொனையைக் கல்லோட பக்கவாட்டுக்கு முடி அளவு எடைவெளியில வச்சுக்கோ. கல்லைக் கையால பைய சுத்து. ஒரு எடத்துல ஒரசி ஒரு எடத்துல வெலகுனா கல்லு சாஞ்சு நிக்கி. ஒரசுன எடத்துல ஒரு கோடு போடு. நட்டைத் தளத்தி, தட்டை அசைக்காம கல்லை மட்டும் கால் சுத்துத் திருப்பி மாட்டு. திரும்பவும் பாரு. கோடு போட்ட எடமே ஒரசுனா கோணல் கல்லுல. வேற எடம் ஒரசுனா கோணல் தட்டுல. தட்டுக் கோணலுக்குச் சின்னதா ஒரு துண்டுக் கடுதாசி, ஒரசுத பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், உள்தட்டுக்கும் தண்டோட படிக்கும் நடுவுல சொருகு... இல்ல இரு, உனக்குக் கடுதாசி சொருகுத கை வர நாளாவும். பக்கத்துல எவனாவது டர்னர் இருந்தா அவங்கிட்ட ரெண்டு தட்டையும் குடுத்து முகம் சீவி வாங்கிரு. டீக்காசு கூடக் குடு. பொறவு உசுருள்ளமட்டும் அந்தக் கவலை கெடையாது.

கல்லு ஓட்டைக்கும் தண்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் புஷ் ஒண்ணு போட்டிருப்பான். அது தொளதொளன்னு இருந்தா கல்லு நடுவுல நிக்காது, ஒரு பக்கமா எறங்கி நிக்கும். புது புஷ் எங்க கெடைக்கும்னு தேடாத. நீதான் லேத்து வச்சிருக்கியே? நைலான் கட்டை வாங்கிப் பிடிப்பா ஒண்ணு கடைஞ்சுக்கோ. துணி போத்திக் கெடக்குத லேத்துக்கு அதுதான் முதல் வேலை. பொண்டாட்டிக்கும் லேத்து எதுக்குன்னு புரியும்.

இவ்வளவும் செஞ்ச பொறவுதான் கல்லைச் சீவுததுக்கு வைர மொனை வச்ச டிரஸ்ஸரை எடுக்கணும். எல்லாரும் முதல்ல அதைத்தான் எடுக்காங்க. சாஞ்சு நிக்குத கல்லைச் சீவிட்டு, பொறவு நட்டைத் தளத்தி நேராக்குனா சீவுனது எங்க போச்சு? சீவுததுக்கும் ஒரு மொறை உண்டு. டிரஸ்ஸரை வெறுங்கையால கல்லு மேல அழுத்துனா என்ன நடக்கும்? மேடு வரும்போது கை பின்னால போவும், பள்ளம் வரும்போது கை முன்னால வரும். கல்லு பளிச்சுன்னு ஆவும், வட்டம் ஆவாது. தாங்கைக் கெட்டியா முறுக்கி, அதுல டிரஸ்ஸரை அணைச்சு, ஒரு தாளு கனத்துக்கு மேல உள்ள தள்ளாம, இடமும் வலமுமாப் பைய நகத்து. முதல்ல 'டக்... டக்... டக்'குனு விட்டு விட்டுக் கேக்கும். அது மேடு மட்டும் தட்டுப்படுத சத்தம். கொஞ்சம் கொஞ்சமா எடைவெளி கொறைஞ்சு 'ஸ்ஸ்ஸ்'னு ஒரே சீரா வந்துட்டா வட்டம் வந்துட்டு. அங்க நிப்பாட்டு. கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு பாதிக் கல்லையும் தூளாக்கிராத. மூக்குக்குத் துணி கெட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போடு. தூளு நெஞ்சுக்கு ஆவாது. முடிச்சதும் தாங்கைக் கல்லுக்கு மூணு மில்லிமீட்டருக்குள்ள நகத்தி வச்சுரு. எடைவெளி கூடுனா உளி உள்ள இழுபட்டுரும்.

இதுக்கு மேலயும் கொஞ்சம் உலுக்குனா ஒவ்வொரு கல்லாத் தனியா மாட்டிக் கையால சுத்தி விட்டுப் பாரு. எப்பமும் ஒரே பக்கம் கீழ வந்து நிக்குதா? அதுதான் கனத்த பக்கம். கோடு போட்டுக்கோ. ரெண்டு கல்லையும் மாட்டும்போது ஒண்ணோட கனத்த பக்கம் மேலயும் ஒண்ணோடது கீழயும் இருக்கட்டும். ஒண்ணை ஒண்ணு அடக்கி வைக்கும். ஸ்விட்சை அணைச்ச பொறவு வேகம் கொறைஞ்சு வரும்போது ஏதோ ஒரு கட்டத்துல மட்டும் ஒரு உலுக்கு உலுக்கிட்டு அடங்கும். அது எல்லா மெஷினுக்கும் உள்ள கொணம். அதுக்கு ஒரு மருந்து வாங்கப் போயிராத.

மேசை கனமா இருக்கணும், மெஷினை போல்ட்டுப் போட்டு முறுக்கணும். இதுல சொல்ல ஒண்ணுமில்ல.

கல்லு எது வாங்கணும்னு கேட்டியா? மெஷினோட வருத சாம்பக் கல்லு கம்பி, ஆணி தேய்க்க நல்லது. உளிக்கு வெள்ளைக் கல்லு. அலுமினியம் ஆக்சைடு, பொடி 80 நம்பர், கெட்டிக்கு எழுத்து K வாக்கில. தானே லேசா உதிர்ந்து புதுப் பல்லு காட்டிக்கிட்டே இருக்கும், அதனால சூடு கொறைவு. பச்சைக் கல்லு கார்பைடு உளிக்கு. அதுல உன் உளியைத் தேய்க்காத. அதுக்கும் சீமையிலேருந்து வரவழைக்கணுமா? 1954ல ஆரம்பிச்ச கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி நம்ம திருவொற்றியூர்லயே கல்லு செய்யுது. கப்பல்ல வந்தாத்தான் உளி வெட்டும்னு உனக்கு யாருலே சொன்னது?

இனி அந்த சி.பி.என்., அதான் கியூபிக் போரான் நைட்ரைடு, அந்தச் சமாச்சாரம். என் பேத்தி படிச்சுச் சொன்னா: 1957ல அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துல ராபர்ட் வென்டார்ஃப்னு ஒருத்தரு கண்டுபிடிச்சது, வைரத்துக்கு அடுத்த கெட்டி. வைரத்தை இரும்புல வேகமா ஒரசுனா சூட்டுல வைரம் தேஞ்சு போவும், இதுக்கு அந்தக் கேடு இல்ல. நல்ல சாமான்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். சீவ வேண்டாம், தேஞ்சு சிறுக்காது, கல்லுத் தூளு பறக்காது. தினம் பத்து மணி நேரம் கடையுதவனுக்குக் காசு திரும்பி வரும். ஆனா பச்சை இரும்பைத் தேய்ச்சா அடைச்சுக்கிடும். அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு இருக்கு. தண்டு கோணின்னா வெள்ளைக் கல்லையாவது சீவி ஒப்பேத்தலாம், இதைச் சீவ முடியாது. கோணத் தண்டுல மாட்டுனா வெலை ஒசந்த குலுக்கம் கெடைக்கும்.

இன்னொரு பயம் உனக்கு. உளி மொனை நீலமாயிட்டு, செத்துப் போச்சுன்னு அழுத. எந்த உளிலே? கொல்லன் அடிச்ச பழைய கார்பன் உருக்கு உளின்னா நீ அழுதது நியாயம். 300 டிகிரி வாக்கில நீலம் ஓடும், கெட்டி போயிரும், அந்த நீலம் தீருதவரை தேய்ச்சு எடுக்கணும். அதைத் தண்ணியில தொட்டுத் தொட்டுத்தான் பிடிக்கணும். உன் வெல்வெட்டுப் பெட்டியில இருக்குதது ஹை ஸ்பீடு ஸ்டீலு. அது 500 டிகிரி தாண்டியும் கெட்டி விடாது. நீலம் அதுக்கு வெறும் சாயம். சுடச் சுடத் தண்ணியில முக்குனாத்தான் மொனையில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்னு பயப்படணும். அதை அப்படியே ஆற விடு. பெலத்துக்கு அழுத்துதவனுக்குத்தான் நீலம் வரும். மொனை கல்லைத் தொட்டாப் போதும்.

கோணம் வைக்க ஜிக் வாங்கலாமான்னா வாங்கிக்கோ, கேலி பண்ண மாட்டேன். வளைஞ்ச உளியை ஒரே சீராப் புரட்டி எடுக்கக் கைப்பழக்கம் வேணும். அது வாரதுக்குள்ள பாதி உளியைத் தேய்ச்சே தீத்துருவ. ஜிக்கு உன் உருக்கை மிச்சம் பிடிக்கும். சரிவு மேல மார்க்கர் பேனாவால மை பூசிட்டு ஒரு ஒரசல் ஒரசிப் பாரு. மை மொனையிலேருந்து அடிவரைக்கும் அழிஞ்சா கோணம் சரி. மொனையில மட்டும், இல்ல அடியில மட்டும் அழிஞ்சா தாங்கை மாத்து. 'எத்தனை டிகிரி, எத்தனை டிகிரி'ன்னு கேட்டு உசுரை வாங்காத. உளி மரத்தைச் சீவுதா, பிய்க்குதா? மரத்துக்கிட்ட கேளு.

நாளைக்கு ஞாயித்துக்கெழமை தான? அந்தச் சக்கரத்துக்குத் தவணை கட்டுததைத் தள்ளிப் போடு. ஸ்பானர், பென்சில், ஒரு தம்ளர் தண்ணி, இது மூணையும் எடுத்துக்கிட்டு மெஷினுக்கு முன்னால உக்காரு. பொழுது சாயுததுக்குள்ள சோலி முடிஞ்சிரும். திரும்ப மாட்டி முதல்ல ஓட விடும்போது கல்லுக்கு நேரா நிக்காம பக்கத்துல ஒதுங்கி ஒரு நிமிஷம் நில்லு. அதுக்கெல்லாம் முன்னால, ஸ்பானரைத் தொடுததுக்கு முன்னாலயே, பிளக்கைப் பிடுங்கிரு. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கு.